பறங்கிப்புண் முதல் கிளமிடியா வரை: பழி சுமந்த பெயர்கள்

நோய்களுக்கும் சொல்வரலாறு உண்டு. அம்மை என்று சொல்லும்போது ஒரு தெய்வத்தை அழைக்கிறோம். யானைக்கால் என்னும்போது ஓர் உவமையைச் சொல்கிறோம். நீரிழிவு என்னும்போது உடலில் கண்ட ஒரு குறியைச் சொல்கிறோம். உடலுறவால் தொற்றும் நோய்களுக்கு நம்மவர் இட்ட பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றுள் பலவற்றில் தெரிவது பழி. இது யாரால் வந்தது, யாரைச் சுட்ட வேண்டும் என்ற கேள்விக்கான விடைகளாகவே அப்பெயர்கள் அமைந்திருக்கின்றன. சொற்களைப் பயில்வோர் இதைக் கவனிக்காமல் இருக்க இயலாது.

இன்று உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் பால்வினைத் தொற்றுகளுள் ஒன்று கிளமிடியா. 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே ஏறத்தாழ 12.9 கோடிப் புதிய தொற்றுகள் நிகழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனை பேரைப் பற்றிய நோய்க்குத் தமிழில் வழங்குபெயர் இல்லை. பெயரில்லாமைக்குக் காரணம் எளிது. பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோரிடம் இது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, பலருக்கு வலியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மக்கள் எப்படிப் பெயரிடுவர்?

ஆயினும் இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. நாம் பெயரிட்டு அழைத்த பழைய நோய்களின் நிழலிலேயே இதுவும் இருந்துவந்திருக்கிறது. அந்தப் பழைய பெயர்களின் வழியாகச் சென்றால்தான் இந்தப் பெயரற்ற நோயின் வரலாறு விளங்கும்.

*

எங்கள் பக்கத்துக் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்றால் ஒரு சாலை கிழக்கே புதுச்சேரிக்குப் பிரிகிறது. மற்றொன்று தெற்கே பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணத்துக்குச் செல்கிறது. வரைபடத்தை விரித்து இந்தச் சாலைகள் தொடும் கடற்கரையைப் பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டை 1690இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்குத் தெற்கே, போர்த்துக்கீசியர் வந்து தங்கிய ஊர் அவர்களின் பெயராலேயே பரங்கிப்பேட்டை ஆயிற்று. கப்பல் வந்த துறைகளுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடையே துணியும் தானியமும் மட்டும் போய்வரவில்லை. மனிதர் போகுமிடமெல்லாம் அவர்தம் நோயும் உடன்போகும்.

பறங்கி என்ற சொல்லின் பயணமும் சுவையானது. ஐரோப்பாவின் பிராங்கியர் என்ற இனப்பெயரை அரபியரும் பாரசீகரும் மேலைக் கிறித்தவர் அனைவருக்கும் பொதுவாக்கினர். அது 'பிரங்கி' என்று இந்தியாவுக்கு வந்து, நம் நாவில் பறங்கி ஆயிற்று. ரகரமா றகரமா என்பதில் இன்றுவரை எழுதுவோர் வேறுபடுகின்றனர். பறங்கிக்காய், பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என்ற பெயர்களை நாள்தோறும் சொல்கிறோம். அதே வரிசையில் இருந்து, இன்று வழக்கொழிந்துவிட்ட ஒரு சொல் பறங்கிப்புண். அது சிபிலிஸ் என்னும் நோயைக் குறித்தது.

வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அதன் ஆசிரியர் பாவமிசிரர் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கிறார். பழைய ஆயுர்வேத நூல்களில் இல்லாத பெயர் அது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவரின் நூல், இந்நோய்க்கு மருந்தாக வழங்கிய சீனக் கிழங்கு ஒன்றைப் பற்றித் தனியே விவரிக்கிறது. அக்கிழங்குதான் நம் நாட்டு மருந்துக்கடைகளில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை. பட்டை என்று பெயர் இருந்தாலும் அது மரப்பட்டையன்று. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. சீனத்தில் விளைந்ததற்குப் பறங்கியின் பெயர் வந்தது, அதைக் கப்பலில் கொண்டுவந்தவன் அவன் என்பதாலோ, அவன் தந்த நோய்க்கு அது மருந்து என்பதாலோ இருக்கலாம். எப்படியாயினும் நோய்க்கும் மருந்துக்கும் ஒருவன் பெயரே நிலைத்தது.

அயலானைச் சுட்டும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1495இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸ் நகரில் இருந்தபோது இந்நோய் பெரிதாக வெடித்தது. இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருசியர் போலந்து நோய் என்றனர். துருக்கியருக்கு அது பிரங்கியரின் நோய். சிபிலிஸ் என்ற பெயரும் ஒரு கவிதையிலிருந்து வந்ததே. இத்தாலிய மருத்துவர் பிராகஸ்தோரோ 1530இல் வெளியிட்ட இலத்தீன் செய்யுள் நூலில் வரும் ஆட்டிடையன் ஒருவனின் பெயர் அது. அந்நூலின் தலைப்பிலும் 'பிரெஞ்சு நோய்' என்ற பெயர் இடம்பெற்றிருக்கிறது.

அயலான் கொண்டுவந்தான் என்பதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் இறங்கிய நோயை உள்நாட்டு ஊர்களுக்குச் சுமந்து வந்தவர் யார்? வணிகரும் படைவீரரும் வண்டியோட்டிகளுமாகிய உள்ளூர் ஆண்களே. பறங்கிப்புண் என்ற பெயர் அந்த இரண்டாம் பாதிப் பயணத்தை மறைத்துவிட்டது.

*

பறங்கிப்புண்ணைத் தவிர வேறு சில சொற்களும் நம்மிடம் உண்டு: மேகம், வெட்டை, கிரந்தி, அரையாப்பு. மேகம் என்பது வானத்து மேகமன்று. சிறுநீர் தொடர்பான 'மேஹ' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். நீரிழிவும் இச்சொல்லுக்குள் அடங்கும். வெள்ளையும் சீழும் ஒழுகும் நோய்களும் அடங்கும். வெட்டை என்ற சொல்லுக்கு வெப்பம் என்றும் பொருள் உண்டு. சூடு மிகுந்ததால் நீர்த்தாரையில் எரிச்சலும் ஒழுக்கும் உண்டாயின என்பது இப்பெயரின் பின்னால் உள்ள விளக்கம்.

இவ்விளக்கத்தில் ஒரு கருணை இருக்கிறது. 'உடம்பு சூடு' என்று ஒரு பெண் மாமியாரிடம் சொல்லலாம்; வைத்தியரிடம் சொல்லலாம்; யாரும் அவளை ஐயுறமாட்டார்கள். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசும் பெண்கள் சூட்டையே காரணமாகச் சொல்கிறார்கள்; வெந்தயமும் மோரும் இளநீரும் குடிக்கிறார்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் இயல்பானதே என்பதால் அதனால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் நூறு பேரில் சிலருக்கு அது தொற்றின் குறியாக இருக்கும்போது, அதே கருணையுள்ள சொல் அவர்களை மருத்துவமனைக்குப் போகவிடாமல் நிறுத்திவிடுகிறது. கணவனும் அதே சூட்டின் பெயரால் தப்பிக்கொள்கிறான்.

அரையாப்பு என்ற சொல்லை முதுகலை வகுப்பில் அகராதியியல் நடத்தும்போது ஒருமுறை எடுத்துக்காட்ட நேர்ந்தது. யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்கள் அரைகுறையான யாப்பு என்று எண்ணிச் சிரித்தனர். அரை என்பது இடுப்பு. தொடைச்சந்தில் நெறி கட்டிப் பழுத்து உடையும் நோய் அரையாப்பு. நெறி கட்டும் பால்வினை நோய்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவை எல்லாவற்றையும் நம் முன்னோர் இவ்வொரு சொல்லால் அழைத்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, கிளமிடியாக் கிருமியின் ஒரு தனிவகையால் உண்டாவது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. ஆக, கிளமிடியா தன் முகத்தைக் காட்டிய அரிய வடிவத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கவே இருக்கிறது.

வெப்ப நாடுகளின் துறைமுகங்களில் தங்கள் கப்பலாட்களிடம் இதே நெறிக்கட்டியைக் கண்ட ஐரோப்பிய மருத்துவர்கள் அதைத் 'தட்பவெப்ப நெறிக்கட்டி' என்ற பொருளில் அழைத்தனர். வெயில்தான் காரணமாம்! 1913இல் பிரான்சு நாட்டு மருத்துவர்களான துராந், நிக்கோலா, பாவ்ர் மூவரும் இதைத் தனி நோயாக வரையறுத்தபோதுதான் வெயில் பழியிலிருந்து மெல்ல விடுபடத் தொடங்கியது. நாம் உடலின் சூட்டைச் சொன்னோம். அவர்கள் ஊரின் சூட்டைச் சொன்னார்கள்.

*

அயலானும் வெயிலும் பழியேற்ற பின்னர் அடுத்து வந்த முறை பெண்ணுடையது. இன்றும் பேச்சுவழக்கில் உயிரோடிருக்கும் 'பொம்பளைச் சீக்கு' என்ற தொடரை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். ஆணுக்கு வந்த நோய்க்குப் பெண்ணின் பெயர். ஒரு மொழி தன் சமூகத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது. அப்பெயருக்குச் சட்டத்தின் துணையும் ஒருகாலத்தில் இருந்தது என்பதே இங்கு நாம் நினைவுகொள்ள வேண்டிய வரலாறு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களுள் பெரும்பாலோர் திருமணமாகாத இளைஞர்கள். அவர்களிடையே பால்வினை நோய் பெருகிப் படைபலம் குறைவதைக் கண்ட ஆட்சியாளர் 1805 முதல் சென்னை மாகாணப் படைமுகாம்களில் 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட மருத்துவமனைகளைத் தொடங்கினர். 1747இல் திறக்கப்பட்ட லண்டன் லாக் மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பூட்டு என்ற பொருளும் இருப்பது தற்செயலாயினும் பொருத்தமே. ஏனெனில் நோயுற்ற பெண்கள் குணமாகும்வரை அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டனர்.

1830களில் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் தலையெடுத்த இம்முறை, 1864ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டத்தாலும் 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டத்தாலும் முழுமை பெற்றது. பரத்தையர் என்று கருதப்பட்ட பெண்கள் தம் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்; சீட்டு வைத்திருக்க வேண்டும்; குறித்த காலந்தோறும் உடற்சோதனைக்கு வர வேண்டும்; வராவிடில் தண்டனை. அவர்களிடம் வந்து சென்ற ஆண்களுக்கு அச்சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லை. பதிவுக்கு அஞ்சிப் பெண்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். யார் பரத்தை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கடைநிலைக் காவலர் கைக்கு வந்தபோது கையூட்டும் மிரட்டலும் உடன்வந்தன.

மருத்துவ நோக்கில் இச்சோதனைகளால் என்ன பயன்? வெட்டை நோயின் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் நைசர் கண்டுபிடித்தது 1879இல். சிபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டது 1905இல். 1868இல் சோதித்த மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த புண்ணையும் சீழையும் மட்டுமே அறிய முடிந்தது. அறிகுறியே காட்டாத கிளமிடியா அச்சோதனைக் கூடங்களின் வழியாக எத்தனை முறை நல்லுடல் என்ற சீட்டைப் பெற்று வெளியே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பெண்களைப் பூட்டிவைத்தும் நோய் குறையவில்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் முதலானோர் நடத்திய நீண்ட போராட்டத்தால் அந்நாட்டுச் சட்டங்கள் 1886இல் நீக்கப்பட்டன; இந்தியச் சட்டம் 1888இல் நீங்கியது.

சட்டம் போனாலும் அதன் எண்ணம் போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழ் இதழ்களின் பழைய தொகுப்புகளைப் புரட்டினால் மேகத்துக்கும் வெட்டைக்கும் மாத்திரை, லேகியம் விற்கும் விளம்பரங்களைக் காணலாம். அவை அனைத்தும் ஆணை நோக்கியே பேசுகின்றன. அஞ்சல் வழியாக, பெயர் வெளியே தெரியாமல் மருந்து அவன் வீடு தேடி வரும். ஆணுக்கு அந்தரங்கம் கிடைத்தது. பெண்ணுக்குப் பதிவேடு கிடைத்தது. இன்றும் விடுதி அறைகளில் மாதம் ஒரு நாள் முகாமிடும் 'பரம்பரை வைத்தியர்'களின் சுவரொட்டிகள் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையங்களில் அதே ஆணைத்தான் அழைக்கின்றன.

*

கிளமிடியாவின் கிருமி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குத் தென்பட்டது 1907இல், ஜாவாத் தீவில். நைசர் அங்கே குரங்குகளைக் கொண்டு சிபிலிஸ் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அவருடன் சென்ற ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர் வேறொரு நோயில் கவனம் செலுத்தினர். அது டிரக்கோமா என்னும் கண்ணோய். இமையின் உட்புறம் சொரசொரத்துப் புண்ணாகி, இமைமயிர் உள்நோக்கித் திரும்பிக் கருவிழியை உராய்ந்து, காலப்போக்கில் பார்வையைப் பறிக்கும் நோய். நோயாளியின் இமையிலிருந்து எடுத்ததை உராங்குட்டான் குரங்கின் கண்ணில் தடவி, பின் அதைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, உயிரணுக்களுக்குள் போர்வை போர்த்தியது போன்ற திரளைகளைக் கண்டனர். போர்வை அல்லது மேலங்கி என்று பொருள்படும் 'கிளமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டனர்.

அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். பிறந்த சில நாள்களில் கண் சிவந்து பீளை கட்டிய குழந்தைகளின் கண்ணிலும், அக்குழந்தைகளின் தாயரது கருப்பை வாயிலும் அதே போர்வைத் திரளைகள் இருந்தன. கண்ணோயும் கருப்பை நோயும் ஒரே கிருமியின் வேலை. ஆனால் அக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்ட எவராலும் முடியவில்லை. பிற உயிரணுவுக்குள் மட்டுமே வாழும் இயல்புடையதாதலால் அதை வைரஸ் என்றே நெடுங்காலம் கருதினர். பாக்டீரியா என்பது 1960களில்தான் உறுதிப்பட்டது.

அதை முதலில் வளர்த்துக் காட்டியவர் சீனாவின் தாங் பெய்பான். கோழி முட்டையின் மஞ்சட்கரு உறையில் அவர் வளர்த்த கிருமி பற்றிய ஆய்வு 1957இல் வெளியாயிற்று. அதுவே நோய்க்குக் காரணம் என்பதை மெய்ப்பிக்கத் தம் கண்ணிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். 1958இல் அரசியல் துன்புறுத்தலுக்கு ஆளாகித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் அவர். 1959இல் லண்டனில் பாரி ஜோன்ஸ் குழுவினர், கண்ணோயுற்ற குழந்தை ஒன்றின் தாயிடமிருந்து இக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். ஜாவாவில் தொடங்கிய தேடல் அரை நூற்றாண்டுக்குப் பின் நிறைவுற்றது.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஒரே இனக் கிருமியின் இரு வகைகள்: ஒன்று கண்ணைத் தாக்குகிறது, மற்றொன்று பிறப்புறுப்பைத் தாக்குகிறது. கண்ணைத் தாக்கியதற்கு நாணம் இல்லை. 1963இல் தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1976இல் அது பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தோடு இணைந்தது. தமிழகத்தைக் காட்டிலும் பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத் போன்ற மாநிலங்களில்தான் இந்நோய் மிகுதி. குழந்தைகளின் இமையைத் திருப்பிப் பார்த்து மருந்திட்டனர். முகம் கழுவச் சொல்லிக் கொடுத்தனர். 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து டிரக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன் உடன்பிறப்பைப் பற்றியோ நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

*

வாய் திறந்தால் என்ன நிகழும் என்பதற்கும் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளர் சிலரின் குருதியை எடுத்து, வேலூரில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அறிவியலில் அது ஒரு மைல்கல். ஆனால் அதன்பின் சில ஆண்டுகளுக்கு அரசு எந்திரம் 1868இன் வழியிலேயே நடந்தது. தொற்று கண்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டனர். 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறிய பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. லாக் ஆஸ்பத்திரி மறைந்து நூறாண்டு கழிந்தும் பூட்டு மட்டும் மறையவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கினர். எங்கள் பகுதியில் சித்திரைத் திங்களில் நடக்கும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கையர் நாடெங்குமிருந்து வந்து விழுப்புரத்தில் தங்குவர். (கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.) அவ்விழாக் காலத்தில் ஆணுறையும் துண்டறிக்கையும் வெளிப்படையாக வழங்கப்பட்டன, நகரத்து மேடைகளில் பால்வினை நோய் பற்றிப் பேசப்பட்டது. மறைத்துப் பேசிய ஒன்றைத் திருவிழாக் கூட்டத்தில் உரக்கப் பேசும் துணிவை எங்கள் மாவட்டத்துக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்கள் திருநங்கையரே என்பதை நன்றியோடு பதிவுசெய்ய வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி எழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராஜா என்ற பெயருடைய இளைஞர் பலர் கேலிக்கு ஆளாயினர். விளம்பரத்தின் தரம் பற்றி வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் பெயர்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். பறங்கி, வெயில், பரத்தை என்று சுற்றிவந்த சுட்டுவிரல் முதன்முறையாக ஓர் உள்ளூர் ஆணை, நம் பக்கத்து வீட்டுக்காரனைப் போன்ற ஒருவனை நோக்கி நின்றது. எச்.ஐ.வி. பரவல் தமிழகத்தில் தணிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வெளிப்படையான பேச்சும் அவற்றுள் ஒன்று.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கு அறிகுறியை வைத்தே மருந்து தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. இன்ன குறிக்கு இன்ன நிறப் பொட்டலம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆய்வுக்கூட வசதியற்ற ஊர்களில் அது பெரும் உதவி. ஆயினும் குறி காட்டாத நோய்க்கு அம்முறையில் இடமில்லை. இங்கிலாந்து 2003 முதல் இளவயதினரைக் கிளமிடியாவுக்காகச் சோதிக்கும் தேசியத் திட்டம் நடத்துகிறது. இந்தியாவில் அத்தகைய பொதுத்திட்டம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதையே நோய் என்று கொண்ட 1868ஆம் ஆண்டு மருத்துவரின் இடர்ப்பாடு இன்னும் நம்மை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

*

இவ்வளவும் எதற்காக? ஒரு சொல்லுக்காக. மலடி என்ற சொல்.

கிளமிடியா மருந்தின்றி விடப்பட்டால் சில பெண்களில் கருப்பையிலிருந்து மேலேறிக் கருக்குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் அடைபடும். கரு வழியிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. கருவே தரிக்காமற் போவதும் உண்டு. இத்தனையும் அவள் அறியாமலே நிகழும். திருமணத்துக்கு முன்போ பின்போ கணவன் வெளியிலிருந்து கொண்டுவந்த தொற்று, அவனிடமும் குறி காட்டாமல், அவளிடமும் குறி காட்டாமல், ஐந்தாண்டு கழித்து ஊராரின் வாயில் ஒரு சொல்லாக வெளிப்படுகிறது. மலடன் என்ற ஆண்பாற் சொல் அகராதியில் இருக்கிறது. அதை யாராவது ஒருவர் தெருவில் சொல்லிக் கேட்டதுண்டா? வளைகாப்புக்கு அழைக்கப்படாதவள் அவள். கோயில் மரத்தில் தொட்டில் கட்டுபவள் அவள். சில வீடுகளில் கணவனுக்கு இரண்டாம் திருமணமும் பேசுவார்கள். மருத்துவம் பெறாதவனிடம் தொற்று இன்னும் இருக்குமானால் அது அடுத்து வருபவளுக்கும் போய்ச் சேரும்.

பிள்ளையின்மைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஏறத்தாழச் சரிபாதியில் ஆணின் பங்கும் உண்டு என்பர் மருத்துவர். எல்லாவற்றையும் இக்கிருமியின் தலையில் ஏற்றுவது இன்னொரு பழிசுமத்தலாகிவிடும். ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களுள் இது ஒன்று என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. சிறுநீரையோ பஞ்சுக்குச்சியில் எடுத்த நீர்மத்தையோ சோதித்தால் போதும். டாக்சிசைக்கிளின் மாத்திரை ஏழு நாள். கருவுற்ற பெண்ணுக்கு அசித்ரோமைசின். இருவரும் ஒருசேர மருந்து உட்கொள்ள வேண்டும். அதுவரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் உண்டால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். தழும்பு விழுவதற்கு முன் செய்தால் இவ்வளவே. விழுந்துவிட்ட தழும்பை மாத்திரை அழிக்காது.

இந்த 'இருவரும் ஒருசேர' என்பதுதான் நம் சமூகத்தில் மருந்தைவிடக் கடினமானது. மனைவியை மருத்துவமனைக்கு அனுப்பும் ஆண் தான் உடன்செல்வதில்லை. தன் சோதனை முடிவைக் கணவனிடம் சொல்ல மனைவி அஞ்சுகிறாள். சொன்னால் சந்தேகம் தன்மீதே திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். நானூறு ஆண்டுச் சொற்கள் அவள் முன் வரிசையில் நிற்கின்றன.

பால்வினை நோய் என்பது இக்காலக் கலைச்சொல். நல்ல ஆக்கம்தான். ஆயினும் வினை என்ற சொல்லைக் கேட்டதும் வினைப்பயன் நம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியம் ஊழைப் பால் என்ற சொல்லால் குறிப்பதையும் தமிழ் படித்தவர் அறிவர். ஆக, எதிர்பாராமலே அக்கலைச்சொல்லுக்குள்ளும் விதியும் கருமமும் புகுந்துகொண்டன. செய்தவன் ஒருவன், வினைப்பயன் இன்னொருத்திக்கு என்ற அவலம் மட்டும் அச்சொல்லில் இல்லை.

கிளமிடியாவுக்குத் தமிழ்ப்பெயர் காண வேண்டும் என்று கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடுடைய நண்பர்கள் விரும்பலாம். தமிழாசிரியனாகிய நான் இவ்வொரு சொல்லில் மட்டும் அவசரம் வேண்டாம் என்பேன். அயலானையும் சுட்டாமல், பெண்ணையும் சுட்டாமல், வெயிலையும் விதியையும் சுட்டாமல் நம்மிடம் வந்திருக்கும் பெயர் அது. கிரேக்கத்தில் அதற்குப் போர்வை என்று மட்டுமே பொருள். அதை அப்படியே வழங்கி, கணவனும் மனைவியும் மருத்துவர் முன் ஒன்றாக அமர்ந்து கூச்சமின்றி உச்சரிக்கும் சொல்லாக அதைப் பழக்கிவிட்டால், எங்கள் ஊர்க் கோயில் மரங்களில் தொங்கும் தொட்டில்களில் சிலவாவது குறையும்.